முடிந்தது என்றால் முடிந்ததுதான்

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.” ஊசி போடுகிற இடத்தில் இதைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. மலையாளத்தில் சொல்வார்கள், தமிழில் சொல்வார்கள், கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டையும் கலந்தும் சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் இதை நம்புவதில்லை. நம்பாமலே, அழுதுகொண்டே, கையை நீட்டிவிடும். என் அக்கா மகன் நம்பினான். நாற்காலிக்கு அடியில் குனிந்து எறும்பைத் தேடினான். எறும்பு இல்லை. நிமிர்ந்தபோது ஊசி வந்தது.

அவனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். சொன்ன சொல்லுக்கு அதன் நேர் அர்த்தம் மட்டும்தான் அவனிடம் உண்டு. நான் தாய்மாமன், அவனை மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் எப்போது என்று கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

அன்றைக்கு அவனைப் படுக்க வைத்து ஆளுக்கொரு பக்கம் அமுக்கித்தான் ரத்தம் எடுத்தார்கள். எடுத்தது சில மில்லிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த லேப் இருக்கிற தெருவுக்குள் பைக் திரும்பினாலே வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தான். ஸ்பிரிட் வாசனை ஆகாமல் போனது. முடிவெட்டுகிற இடத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தக்கூட விடவில்லை. இது ஒரே ஒரு தடவையோடு முடிகிற காரியமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருக்கலாம். அவனுக்கு டாக்டர் எழுதியிருப்பது ரிஸ்பெரிடோன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடுமையான எரிச்சலுக்கும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கும் கொடுக்கிற மருந்து. அதைச் சாப்பிட்டால் பசி கூடும், எடை கூடும். ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். அதாவது, மாத்திரை இருக்கிற வரைக்கும் ஊசியும் இருக்கும்.

காதுகுத்து அவனுக்கு இன்னும் நடக்கவில்லை. அம்மாவுக்கு அதில் குறை. எனக்கு இல்லை. என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது முறை. அந்த மடியை இப்போதைக்கு லேபுக்கு வைத்திருக்கிறேன். காதுகுத்தைத் தள்ளிப்போடலாம், சர்க்கரையையும் கொழுப்பையும் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது.

கோயம்புத்தூரில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் அம்மா, ஒரு அட்டையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். இடப்பக்கம் ‘முதலில்’, வலப்பக்கம் ‘அப்புறம்’. முதலில் பல் தேய்ப்பது, அப்புறம் ஊஞ்சல். அவ்வளவுதான். வேளந்தாவளம் வழியாக பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் போனோம்” என்றாள். மறுநாள் காலையில் அவன் தானாகவே அட்டையை எடுத்து வந்து பல்பொடியைக் காட்டினான்.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் என்பவர் நடத்திய டீச் என்ற திட்டம், 1972இலேயே அந்த மாநிலம் முழுக்கப் போயிருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது நிலைத்து நிற்கும். அதனால் அடுத்து என்ன, எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்பதையெல்லாம் கண்ணால் பார்க்கிற மாதிரி வைத்துவிடு என்பதுதான் அதன் சாரம். நாம் சொல்கிற வார்த்தை காற்றில் போய்விடுகிறது. பயந்திருக்கிற நேரத்தில் பெரியவர்களுக்கே ஒன்றும் காதில் ஏறாது. அட்டை அங்கேயே இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், அலுத்துக்கொள்ளாது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிடிபி, கலர் பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ. ரத்தப் பரிசோதனைக்கு அட்டை போட வேண்டும் என்று அக்கா சொன்னதும், இது நம்ம தொழிலாச்சே, அரை நாள் வேலை என்று நினைத்தேன். அரை நாளில் முடியவில்லை.

முதலில் இணையத்தில் கிடைத்த படங்களை எடுத்தேன். ஸ்பெயினின் அரகான் மாகாண அரசு, அராசாக் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படக்குறிகளை இலவசமாக வைத்திருக்கிறது. ஊசி, கட்டில், டாக்டர், கழிப்பறை, எல்லாம் சுத்தமான கோட்டுப் படங்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை, அதனால் கடையில் விற்க முடியாது, வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நல்ல படங்கள்தான். மாப்பிள்ளை அதைப் பார்த்தான், கீழே வைத்தான். கோட்டுப் படத்தில் இருக்கிற நாற்காலியும் லேபில் இருக்கிற நாற்காலியும் ஒன்று என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சில பிள்ளைகளுக்குக் கோட்டுப் படம் போதும், சிலருக்கு போட்டோ வேண்டும், இன்னும் சிலருக்குப் பொருளையே கையில் கொடுக்க வேண்டும், ஒரு காலி சிரிஞ்சோ பஞ்சோ. நம் பிள்ளை எந்த ரகம் என்பதை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சரி, போட்டோ. பழைய லேபை விட்டுவிட்டு, வேறு ஒரு சின்ன லேபில் போய்க் கேட்டேன். அங்கே ரத்தம் எடுக்கிற பெண் மலையாளி, பொறுமைசாலி. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொன்னாள். வாசல், பெஞ்சு, நாற்காலி, கையில் கட்டுகிற நீல ரப்பர் பட்டை, பஞ்சு, ஊசி, குழாய், பிளாஸ்திரி என்று எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து வந்து பிரிண்ட் போட்டுக் காட்டினேன். நாற்காலிப் படத்தைக் கையில் வாங்கியவன் அதையே வைத்துக்கொண்டிருந்தான். பரவாயில்லையே என்று நினைத்தால், அவன் பார்த்தது நாற்காலியை இல்லை. மூலையில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்திருக்கிறான். அவன் கணக்கில் அது சிலிண்டர் படம்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னணியை வெட்டி வெள்ளையாக்குகிற வேலையை நாள் முழுக்கச் செய்கிறவன் நான். அதையே இங்கேயும் செய்தேன். நாற்காலி மட்டும், வெள்ளையில். பட்டை மட்டும், வெள்ளையில். பஞ்சுப் படத்தில் அந்தப் பெண்ணின் விரலில் ஒரு மோதிரம் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் மோதிரம் போடாத நாளில் பிரச்சினை வரும்.

கைவேலை சமாசாரங்கள் சில. லேமினேஷனுக்கு 125 மைக்ரான் பவுச் போதும். பளபளப்பாக இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் அடித்து, படத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை ஆட்டி விளையாடுவான், அதனால் பளபளக்காத மேட் பவுச்தான் நல்லது. முனையை வட்டமாக வெட்ட வேண்டும், கடிப்பான். பவுச்சுக்கும் தாளுக்கும் நடுவே சுற்றிலும் ஓரம் விடாவிட்டால் எச்சில் உள்ளே போய்ப் பிரிந்துவிடும். பின்னால், ஒட்டவும் பிய்க்கவும் வெல்க்ரோ. அதைப் பிய்க்கும்போது வருகிற பர்ர் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அது என் திட்டத்தில் இல்லாத லாபம். படத்துக்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன். அவனுக்காக இல்லை, லேப் பெண்ணும் நாங்களும் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

ஊசிப் படத்தை வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. “ஊசியைக் காட்டினா வீட்டை விட்டே வெளிய வரமாட்டான்டா” என்றாள் அக்கா. மச்சானும் அவள் பக்கம். நான் வைத்தே ஆக வேண்டும் என்றேன். ஊசியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் காட்டினால் அது இன்னொரு எறும்புக் கதை. வரிசையில் இல்லாத ஒன்று அங்கே வந்தால், அடுத்த தடவை அந்த வரிசையையே நம்ப மாட்டான். கடைசியில் வைத்தோம். ஊசிக்குக் கீழே ‘வலிக்கும். பத்து எண்ணுவோம்’ என்று எழுதினோம். முதல் நாள் அந்தப் படத்தை மட்டும் பிய்த்துக் கட்டிலுக்கடியில் போட்டான். எடுத்து மறுபடி ஒட்டினோம். பிறகு போடுவதை விட்டுவிட்டான். படம் கண்ணுக்குப் பழகுவதற்கு முன்னால் ஆளைக் கிளப்பிக்கொண்டு போகக் கூடாது. அதற்குச் சில நாட்கள் வீட்டிலேயே பொம்மைக்கும் அம்மிச்சிக்கும் (அவன் பாட்டி, என் அம்மா) ரத்தம் எடுத்து விளையாட வேண்டும். எங்கள் வீட்டில் அம்மிச்சிக்கு எடுத்த ரத்தத்துக்கு அளவே இல்லை.

வெறும் வயிற்றில் வரச் சொன்னதுதான் ஊசியைவிடப் பெரிய தலைவலி. எட்டு மணிக்கு இட்லி என்றால் எட்டு மணிக்கு இட்லி, அது அவன் உலகத்தின் சட்டம். எல்லாச் சோதனைக்கும் வெறும் வயிறு தேவைதானா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. தேவை என்றால் லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். காலை வரிசையில் இட்லிப் படத்தை எடுத்து, பிளாஸ்திரிக்கு அடுத்த இடத்தில் அவன் கண்ணெதிரே ஒட்டினோம். இட்லி எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டும் போனோம். லேப் வாசலிலேயே சாப்பிட்டான்.

மரத்துப்போகச் செய்கிற கிரீம் ஒன்று உண்டு, லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது. தடித்துப் பூசி மேலே பிளாஸ்டிக்கை ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துவிடும். டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். மாப்பிள்ளைக்குக் கையில் பிசுபிசுப்பு ஆகாது என்பதால் அதற்கும் ஒரு படம், அதற்கும் முன்கூட்டியே ஒரு பழக்கம். இன்னொன்றும் லேபில் கற்றது: ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினால் எரியும். அரை நிமிடம் காத்திருந்தால் எரியாது. அவசரத்தில் பலர் காத்திருப்பதில்லை. ‘காயட்டும்’ என்று ஒரு படம் போட்டுவிட்டோம். அது பையனுக்கான படம் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

படுக்க வைப்பதை விட்டுவிட்டோம். என் மடியில், என்னைப் பார்த்து மார்போடு சாய்ந்து உட்கார்வான். ஒரு கை என் முதுகைச் சுற்றி, இன்னொரு கை மேசை மேல். மல்லாக்கப் படுக்க வைத்தால் கூரை மட்டும்தான் தெரியும், யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. எனக்கே அது பிடிக்காது.

ஒவ்வொரு படியும் ஆனதும் அவனே படத்தைப் பிய்த்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவான். ‘முடிந்தது’ பாட்டில். வரிசை குட்டையாகிக்கொண்டே வரும். எவ்வளவு பாக்கி என்று எண்ணத் தெரியாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். என்ன நடக்கப்போகிறது என்பதைக்கூட அவன் ஒருவிதமாகத் தாங்கிக்கொள்வான். எப்போது தீரும் என்று தெரியாததைத்தான் தாங்க முடிவதில்லை.

இங்கேதான் ஒரு நாள் இடறியது. ஊசிப் படம் பாட்டிலுக்குள் போய்விட்டது, பஞ்சு வைத்தாகிவிட்டது, பிளாஸ்திரியைக் கையில் எடுத்தாகிவிட்டது. அப்போது வேறொரு ஆள் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “சேட்டா, ஒரு ட்யூப் கூடி வேணம்” என்றார். ஏதோ ஒரு சோதனைக்குத் தனிக் குழாய் எடுக்க விட்டுப்போயிருக்கிறது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஊசி பாட்டிலுக்குள் இருக்கிறது. முடிந்தது என்றால் முடிந்ததுதான். அதைத் திரும்ப வெளியே எடுத்தால், அதுவரை சேர்த்துவைத்த நம்பிக்கை மொத்தமும் கூடவே வெளியே வந்துவிடும். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள்: “இன்னிக்கு வேண்டாம்ங்க, இன்னொரு நாள் வரோம்.” அந்த ஆளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதென்ன பிடிவாதம் என்று மச்சானே முணுமுணுத்தார். என் கட்சி அக்கா கட்சிதான். இந்த அட்டையைப் பிள்ளையை அடக்குகிற கருவி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். என் அனுபவத்தில் அது அதிகமாகக் கட்டிப்போடுவது பெரியவர்களைத்தான். நாம் எழுதிக் கொடுத்த பத்திரம் அது, ஸ்டாம்ப் மட்டும்தான் இல்லை.

அதற்காக, எதிர்பாராதது நடக்கவே நடக்காது என்று இருக்க முடியுமா? ஒரே குத்தில் நரம்பு கிடைக்காமல் போகலாம், ரத்தம் உறைந்துபோகலாம். தெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஆரஞ்சு நிறத்தில் ‘மாற்றம்’ என்று ஒரு அட்டை போட்டேன். அதை முதலில் லேபுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில், நல்ல விஷயத்துக்குக் காட்ட வேண்டும். தோசை என்று இருந்த இடத்தில் மாற்றம், பூரி. கடைக்கு என்று இருந்த இடத்தில் மாற்றம், மீனாட்சிபுரத்தில் ரயில் பார்ப்பது. மாற்றம் வந்தால் உலகம் இடிந்துவிடாது என்பது வயிற்றில் பதிந்த பிறகுதான் கெட்ட மாற்றத்துக்கு அதை எடுக்கலாம். அதையும் பாட்டில் மூடுவதற்கு முன்னால்தான். ஊசி போடுவதற்கு முன்பே லேப் பெண்ணிடம் “எத்தனை குழாய்?” என்று கேட்டு, அத்தனை குழாய்ப் படங்களை ஒட்டிவிடுவது இப்போது எங்கள் வழக்கம். அவளும் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கை சொல்கிறாள்.

மூளைக்கு இஇஜி சோதனை எடுக்கச் சொன்னபோது பயந்தது பையன் இல்லை, என் அம்மா. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வருவது மற்றவர்களைவிட அதிகம். அவன் நடுவில் நடுவில் வெறித்துப் பார்ப்பதால் டாக்டர் எதற்கும் பார்த்துவிடலாம் என்றார். “தலையில கரண்டு வெக்கறாங்களாம்” என்று அம்மா ராத்திரி தூங்கவில்லை. அந்த மிஷின் மூளையில் இருக்கிற மின்சாரத்தைப் பதிவு செய்கிறது, தன் பங்குக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. இதை நான் வாயால் சொன்னபோது ஏறவில்லை. பையனுக்குச் செய்த அட்டை வரிசையை மடியில் வைத்துக்கொண்டு, தலை குளிப்பது, எண்ணெய் வேண்டாம், பசை தடவுவது, கலர் கலராக ஒயர், தூங்குவது, பசையைக் கழுவுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அம்மாவுக்கு ஏறியது. “அப்ப வலிக்காதா” என்று கேட்டுவிட்டு, எண்ணெய் வேண்டாம் என்ற படத்தில் மட்டும் முகம் சுளித்தார். அவன் தலையில் எண்ணெய் இல்லாமல் அவர் அனுப்பிய முதல் நாள் அது.

காத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் எதை வேண்டுமானாலும் படமாக்கலாம், ‘டோக்கன் 43’ஐ ஆக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதன் 25ஆம் பிரிவில் மருத்துவம் பார்ப்பதில் முன்னுரிமை என்று எழுதியே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையை, அதாவது யூடிஐடி அட்டையை, காட்டி மரியாதையாகக் கேளுங்கள். நிறைய இடத்தில் விடுகிறார்கள். விடாத இடத்தில் ஒருவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, முறை வந்ததும் போன் செய்தால் பையன் வெளியே ஆட்டோவிலேயே இருக்கலாம்.

எல்லாம் திட்டப்படியே நடக்குமா என்றால், போன மழைக்காலத்தில் தென்னந்தோப்பில் வழுக்கி விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டான். சட்டையெல்லாம் ரத்தம். அட்டையும் இல்லை, வெல்க்ரோவும் இல்லை, பாட்டிலும் இல்லை. தையல் போட வேண்டும் என்றார்கள். ஓபி சீட்டின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தேன்: ஒரு முகம், மரத்துப்போகிற ஊசி, அப்புறம் மூன்று குட்டிக் கோடு, பிளாஸ்திரி, வீடு. எனக்கு வரையவே வராது, வீடு தீப்பெட்டி மாதிரி வந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். இளவயது டாக்டர். “மூணா போட்டிருக்கீங்க? நாலு போடுங்க. முன்னாடியே சொல்லிடறேன்” என்றார். இன்னொரு கோடு போட்டேன். பையன் கத்தினான், நன்றாகவே கத்தினான். மருத்துவமனை முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் டாக்டர் கையை நிறுத்தி, நான் அந்தக் கோட்டை அடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். நான்காவது அடித்ததும் ஐந்தாவது இல்லை. அந்த டாக்டருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். சித்தூரிலிருந்து, பொள்ளாச்சிப் பக்கமிருந்துகூட. வாட்சப்பில் வந்த ஆங்கில பிடிஎஃப் ஒன்றைக் காட்டி, இதையே போட்டுக் கொடுங்கள் என்பார்கள். அதில் பனிக்கோட்டு போட்ட பிள்ளை காரிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும். நம் பிள்ளை ஆட்டோவில் போகிறது. அதையே போட்டுக் கொடுத்தால் எனக்கு வேலை மிச்சம்தான், ஆனாலும் மறுத்துவிடுகிறேன். செல்போனில் படம் காட்டினால் போதாதா என்று கேட்கிறவர்களும் உண்டு. பேச வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டுப் பேசுவதற்குச் சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இருக்கிறது, தமிழிலும் உண்டு; அது அன்றாடப் பேச்சுக்கு. ஊசிக்கு முன்னால் நடுங்குகிற கையில் செல்போனைக் கொடுத்தால் யூடியூப்தான் ஓடும். பிய்த்துப் போட ஒன்று வேண்டும்.

அடுத்தது பல். பின்பக்கத்தில் ஒன்று சொத்தை. பல் டாக்டர்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: முதலில் சொல், பிறகு காட்டு, அதற்கப்புறம் செய். 1959இலிருந்து குழந்தைகளுக்கு இப்படித்தான் செய்ய வேண்டும் என்று படிக்கிறார்களாம், எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு. நாங்கள் பார்த்துவைத்த டாக்டர், மதியம் வந்து நாற்காலியைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். டிரில் சத்தத்தையும் பதிவு செய்து வந்து, வீட்டில் குறைந்த சத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு மேலே பெரிய விளக்கு ஒன்று இருக்கிறது, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்காவது அட்டை வேண்டுமென்றால், மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் கடையில் கூட்டம் இருக்காது. நீங்கள் போகிற லேபிலேயே, நீங்களே எடுத்த படங்களோடு வாருங்கள். பின்னணியை நான் வெட்டித் தருகிறேன். பவுச் காசு மட்டும் கொடுத்தால் போதும், பாட்டில் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.